மெகாசிற்றி: தமிழில் எப்படி எழுதுவது?

உயர்தரத்துக்குப் புவியியல் எடுக்கும் பிள்ளைகளின் கொப்பிகளைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ புரட்டிப் பாருங்கள், இந்த ஒரு சொல் நாலு விதமாகக் கிடக்கும். ஒருவர் மாநகரம் என்று எழுதியிருப்பார், ஒருவர் பாரிய நகரம், இன்னொருவர் பெருநகரம், மிச்சப் பேர் மெகாசிற்றி என்று அப்படியே விட்டிருப்பார்கள். எல்லாம் ஒன்றுதானே, விளங்கினால் போதாதா என்று கேட்பார்கள். விளங்கவில்லை என்பதுதான் பிரச்சினை. மெகாசிற்றி என்றால் என்னவென்று கேளுங்கள்: உயரமான கட்டடங்கள், மேம்பாலங்கள், விடியவிடிய அணையாத வெளிச்சம், கைநிறையச் சம்பளம் என்றுதான் பதில் வரும். அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் கிடையவே கிடையாது.

அது வெறும் எண்ணிக்கைப் பெயர். ஒரு கோடி அல்லது அதற்கு மேற்பட்ட சனம் வாழும் நகரம், அவ்வளவுதான். ஐக்கிய நாடுகள் சபை 1970களில் இந்த எல்லையை 80 இலட்சம் என்று வைத்திருந்தது, பிறகு ஒரு கோடியாக உயர்த்தியது. கட்டடம் எத்தனை மாடி, குழாயில் தண்ணீர் வருகிறதா, வேலைக்குப் போய்வர எத்தனை மணித்தியாலம் ஆகிறது என்பவை ஒன்றும் வரைவிலக்கணத்துக்குள் இல்லை.

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கிரேக்க மொழியில் 'மெகாஸ்' என்றால் பெரிய என்று பொருள். வடமொழி 'மகா'வும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. 'சிற்றி' இலத்தீனின் 'கிவித்தாஸ்' என்ற சொல்லில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அந்த இலத்தீன் சொல் முதலில் குறித்தது கட்டடங்களை அல்ல, குடிமக்கள் என்ற கூட்டத்தை, குடியுரிமை என்ற நிலையை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பௌதிகவியலில் மெகா என்றால் 10 இலட்சம் மடங்கு: மெகாவாற்று, மெகாபைற்று எல்லாம் அப்படித்தான். அதனால் மெகாசிற்றி என்றால் 10 இலட்சம் பேர் வாழும் நகரம் என்று நினைப்பவர்கள் கனபேர். இல்லை, அதைப்போலப் பத்து மடங்கு.

நமக்குள்ள பெரிய இடைஞ்சல் வேறு. தமிழுக்குள் வந்த பிறகு மெகா என்பது கொண்டாட்டச் சொல்லாகிவிட்டது. மெகா தொடர், மெகா தள்ளுபடி, மெகா பரிசு மழை. கடைப் பலகையிலும் தொலைக்காட்சியிலும் இதையே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மெகாசிற்றி என்றதும் ஏதோ கிடைக்கப்போகிற இடம் போலத்தான் தோன்றும். ஆகவே நல்ல தமிழ்ச் சொல் தேடுவது மொழிப்பற்று விவகாரம் மட்டும் இல்லை, பாடம் சரியாக மனதில் இறங்குவதற்கே அது வேண்டியிருக்கிறது.

சரி, அந்த நகரங்கள் உண்மையில் எப்படி இருக்கின்றன? 1950இல் உலகத்திலேயே ஒரு கோடியைத் தாண்டியவை என்று எண்ணப்பட்டவை நியூயோர்க், டோக்கியோ இரண்டும்தான். 2025இல் ஐ.நா. வெளியிட்ட மதிப்பீட்டில் 33 நகரங்கள். முதலிடத்தில் ஜகார்த்தா, ஏறத்தாழ 4 கோடி 20 இலட்சம். அடுத்தது பங்களாதேஷின் தலைநகர் டாக்கா, 3 கோடி 70 இலட்சத்துக்குக் கிட்ட. அதுவரை முதலிடத்தில் இருந்த டோக்கியோ மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது. நிர்வாக எல்லையை விட்டுவிட்டு, குடியிருப்பு எதுவரை நெருக்கமாகத் தொடர்கிறதோ அதுவரை ஒரே நகரம் என்று கணக்கெடுத்ததால்தான் இந்த வரிசை மாறியது. 2024 குடிசன மதிப்பீட்டில் இலங்கை முழுவதுமே 2 கோடி 17 இலட்சம் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டாக்காவைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் வளர்முக நாட்டின் மெகாசிற்றி என்றால் என்ன என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1950இல் அங்கே மூன்றரை இலட்சத்துக்கும் குறைவான சனம். இலங்கையின் வடக்கே எங்கள் வன்னிப் பகுதியில் உள்ள கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டங்களையும் 2012 கணக்குப்படி கூட்டினால் நாலு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக, அன்றைய டாக்கா முழுவதும் எங்கள் மூன்று மாவட்டச் சனத்தைவிடக் குறைவு. அந்த நகரம் ஐம்பதே ஆண்டில் ஒரு கோடியைத் தாண்டியது. ஆண்டுக்கு 3 முதல் 4 இலட்சம் பேர் புதிதாக வந்து சேர்கிறார்கள், பெரும்பாலும் ஏழைகள் என்று 2007இல் உலக வங்கி மதிப்பிட்டது. ஒரு வன்னி அளவு சனம், ஒவ்வோர் ஆண்டும், ஒரே நகரத்துக்குள்.

ஏன் வருகிறார்கள்? ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை இருக்கிறது என்பது ஒரு காரணம். நிலம் போய்விட்டது என்பது இன்னொன்று. போலா என்ற தீவு மாவட்டத்தில் ஆறு கரையை அரித்துக்கொண்டே போக, வயலையும் வீட்டையும் இழந்தவர்கள் டாக்காவில் வந்து ஒதுங்கிய இடத்துக்கு இன்றைக்கும் போலா பஸ்தி என்றே பெயர், பஸ்தி என்றால் அங்கே ஏழைகளின் குடியிருப்பு. அதேபோல் கொறைல் என்ற குடியிருப்பு குல்சான் ஏரிக்கரையில் இருக்கிறது, ஏரிக்கு எதிர்ப்பக்கம் நகரத்தின் மிக வசதியான பகுதி. வீட்டு வேலைக்கும் காவல் வேலைக்கும் போகிறவர்கள் சின்னப் படகில் ஏறி அந்த ஏரியைக் கடக்கிறார்கள். தகரமும் மூங்கிலும் நெருக்கி அடித்த வீடுகள் என்பதால் அங்கே தீ பிடித்தால் நூற்றுக்கணக்கில் எரிந்துபோகிறது, அதுவும் பலமுறை நடந்திருக்கிறது.

தண்ணீர் விடயம் வன்னி ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும். குளத்தில் தண்ணீர் நின்றால் கிணற்றில் தண்ணீர் நிற்கும், குளம் வற்றினால் கிணறும் இறங்கும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம். டாக்கா பெரும்பாலும் குடிப்பது ஆழக் குழாய்க்கிணறுகளின் தண்ணீரை. மேலே நிலத்தை கொங்கிறீற்று மூடிவிட்டது, மழைநீரைத் தாங்கிய தாழ்நிலங்களையும் கால்வாய்களையும் மண் போட்டு நிரப்பிக் கட்டிவிட்டார்கள், ஊறுகிற அளவைவிடக் கனக்க உறிஞ்சுகிறார்கள். விளைவு, நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுக்கு 2 முதல் 3 மீற்றர் இறங்குகிறது. வருடத்துக்கு ஏழு அடி, பத்து அடி! எங்கள் தோட்டக் கிணறு அப்படி இறங்கினால் எத்தனை வருடம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். கீழே தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்க, மேலே ஒரு மழை அடித்து ஊற்றினால் போக வழியில்லாமல் வெள்ளம் தெருவில் நிற்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

போக்குவரத்துப் பற்றி ஒரு வரி போதும். பத்து ஆண்டுக்குள் வாகனங்களின் சராசரி வேகம் மணிக்கு 21 கிலோமீற்றரில் இருந்து 7 கிலோமீற்றருக்குக் குறைந்துவிட்டது என்று 2017இல் உலக வங்கி சொன்னது. 2022 டிசெம்பரில் முதல் மெற்றோ ரயில் பாதை திறந்த பிறகு அந்தப் பாதையில் போகிறவர்களுக்கு மட்டும் மூச்சு விட முடிந்திருக்கிறது.

இதையெல்லாம் டாக்காவைக் குறைசொல்ல எழுதவில்லை. அங்கே போகிற சனம் பிழைக்க வழி தேடிப் போகிறது, நகரமும் கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறு போடுகிறது. பிழை என்னவென்றால் சனம் வந்து சேரும் வேகத்துக்கு வடிகாலும் குழாயும் வீடும் பள்ளிக்கூடமும் வந்து சேரவில்லை. லண்டன் 1801இல் ஏறத்தாழ 10 இலட்சமாக இருந்து 65 இலட்சமாக வளர ஒரு நூற்றாண்டு எடுத்தது. அதற்குள் நிலக்கீழ் வடிகாலும் ரயிலும் கட்ட அதற்கு அவகாசமும் காசும் இருந்தன. டாக்காவுக்கு இரண்டும் கிடைக்கவில்லை.

சனம் திரண்டால் மட்டும் நகரம் ஆகிவிடாது என்பதை வன்னிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009இல் செட்டிகுளம் பக்கம் மெனிக் பாம் முகாமில், போரில் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கூடாரங்களுக்குள் இருந்தார்கள். தலையை மட்டும் எண்ணினால் அன்றைக்கு அது நாட்டின் பெரிய நகரங்களின் வரிசையில் வரும். ஆனால் தண்ணீர் பவுசர் வரும் வரைக்கும் கான்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்ததையும், மலசலகூடத்துக்கு விடிவதற்கு முன்னமே எழும்பிப் போனதையும், வெளியே போய்வர அனுமதி இல்லாமல் மாதக்கணக்காக இருந்ததையும் அனுபவித்தவர்கள் யாரும் அதை நகரம் என்று சொல்லமாட்டார்கள். 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்டது. இலத்தீன் சொல் குடிமக்களைத்தான் முதலில் குறித்தது என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான் எனக்கு ஞாபகம் வரும்.

இனித் தமிழ்ச் சொல். 'நகர்' நம்மிடம் பழைய சொல். சங்கப் பாடல்களில் அது வீட்டையும் மாளிகையையும் கோயிலையும்கூடக் குறிக்கும். சோழர் கல்வெட்டுகளில் 'நகரம்' என்றால் வணிகர் சபை. கடற்கரை வணிகத் துறைக்குப் பட்டினம், பழம்பெரும் ஊருக்கு மூதூர் என்று தனித்தனிப் பெயர்கள் இருந்தன. வன்னியில் ஊர்ப்பெயர்கள் பல தண்ணீரில்தான் முடியும்: மாங்குளம், புளியங்குளம், நெடுங்கேணி, இரணைமடு. ஒரு கோடிப் பேர் ஒரே இடத்தில் வாழ்வார்கள் என்று அன்றைக்கு யாருக்கும் நினைக்கத் தேவை வரவில்லை, ஆகவே ஆயத்தமாக ஒரு சொல்லும் இல்லை. இருப்பதைக் கொண்டு கட்டவேண்டியதுதான்.

மாநகரம் பொருந்தாது. இலங்கையில் அது நிர்வாகப் பெயர். வவுனியாவும் நகர சபையில் இருந்து மாநகர சபையாகி 2025 மே மாதம் அதற்கான தேர்தலும் நடந்தது, அந்த மாவட்டம் முழுவதிலும் 2012இல் இருந்தது 172,115 பேர். டாக்காவும் மாநகரம், வவுனியாவும் மாநகரம் என்று எழுதினால் பரீட்சையில் பிள்ளை என்ன விளங்கிக்கொள்ளும்? பெருநகரம் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் வேறு வேலைக்கு எடுத்துவிட்டார்கள். சென்னைப் பெருநகர் என்றால் மாநகராட்சியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த திட்டமிடல் பகுதி. அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. பாரிய நகரம் என்பது மேல் மாகாண மெகாபொலிஸ் திட்டம் பேசப்பட்ட காலத்தில் பத்திரிகைகளில் அடிபட்டது. ஆனால் பாரிய விபத்து, பாரிய ஊழல், பாரிய மரம் என்று எதற்கும் ஒட்டுகிற அடைமொழி கலைச்சொல்லாக நிற்காது. கோடி என்ற எண்ணையே வைத்துக் கோடிநகர் என்று ஆக்கலாம் என்றால் கணக்குச் சரி, காதுக்குச் சரியில்லை. எங்கள் பக்கத்தில் கோடி என்றால் வீட்டுக்குப் பின்பக்கம்.

என்னுடைய தெரிவு பெருமாநகரம். 'மா' என்றாலே பெரிய என்பதுதானே, 'பெரு' எதற்கு என்று இலக்கணம் தெரிந்தவர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. மாநகரம் என்பது இப்போது ஒரு படிநிலையின் பெயராக இறுகிவிட்டது, அதற்கு மேல் ஒரு படி வேண்டும்போது அதன் தலையில்தான் அடைமொழியை வைக்க முடியும். நகரம், மாநகரம், பெருமாநகரம் என்று ஏறும்போது வரிசையும் தானாக விளங்கும். முதல் தடவை எழுதும்போது, ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பெருமாநகரம் என்று முழுதாக எழுதிவிட்டால் பிறகு சொல்லைத் தனியே பாவிக்கலாம். அழகிய பெருமாநகரம், கனவுப் பெருமாநகரம் என்று அடைமொழி போட்டு அதை மறுபடியும் விளம்பரச் சொல் ஆக்காதீர்கள், இதை ஆசிரியர்களிடம் குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். நகரங்கள் வளரும் போக்குக்கு நகரமயமாக்கம், நகராக்கம் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. சின்னதாக இருப்பதால் நகராக்கம் எனக்குப் பிடிக்கும்.

கடைசியாக பஸ்தி. இதைச் சேரி என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். சேர்ந்து வாழும் இடம் என்ற நல்ல பொருளோடு பழந்தமிழில் இருந்த சொல் அது. பிற்காலத்தில் தமிழ்நாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களைத் தள்ளிவைத்த இடத்தின் பெயராக்கி, அதன்மேல் சாதியின் பாரத்தை ஏற்றிவிட்டார்கள். அந்தப் பாரத்தை டாக்காவின் ஏழைகள் தலையிலும் ஏன் வைக்கவேண்டும்? பஸ்தி வடமொழி 'வசதி'யில் இருந்து வந்தது, குடியிருக்கும் இடம் என்று பொருள். நாம் வாய்ப்புவளம் என்ற கருத்தில் சொல்லும் வசதியும் அதே சொல்தான். வங்காளத்தில் அது தண்ணீரும் மலசலகூடமும் இல்லாத இடத்தின் பெயராகிவிட்டது. ஊர்ப்பெயராக வரும்போது போலா பஸ்தி, கொறைல் பஸ்தி என்று அப்படியே எழுதுங்கள், பொதுப்பெயராக வரும்போது வசதியற்ற குடியிருப்பு என்று எழுதுங்கள். வாசிக்கிறவர் உடனே எந்த வசதி இல்லை என்று கேட்பார், அதற்கு அடுத்த வசனத்தில் தண்ணீர், வடிகால், காணி உறுதி என்று பதில் எழுத இடம் இருக்கும்.