காதை ஏமாற்றும் பெட்டி

விமானிகள் பயிற்சி எடுக்கும் சிமுலேட்டரை வெளியிலிருந்து பார்த்தால், ஆறு கால்களில் நிற்கும் பெரிய பெட்டி, அவ்வளவுதான். கால்கள் நீண்டு சுருங்கினாலும் பெட்டி ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் நகராது. உள்ளே இருப்பவருக்கோ ஓடுபாதையில் அரை நிமிடம் முதுகு இருக்கையில் அழுந்துகிறது. எப்படி?

எல்லோரும் வியப்பது திரையை. உண்மையான வித்தை காதில் நடக்கிறது. உட்காதில் ஒரு சவ்வின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் படிந்திருக்கின்றன. தலை பின்னால் சாய்ந்தால் அவை பின்பக்கம் சரியும். அடியிலுள்ள மயிர்ச் செல்கள் வளைந்து மூளைக்குச் சேதி போகும். வண்டி திடீரென முன்னால் பாய்ந்தாலும் துகள்கள் பின்தங்கும், அதே சேதிதான் போகும். சாய்வா பாய்ச்சலா என்று இந்த உறுப்புக்குத் தெரியாது.

சிமுலேட்டர் பிழைப்பது இந்த ஓட்டையில்தான். பெட்டி முதலில் சட்டென்று கொஞ்சம் முன்னால் நகரும். அப்புறம் மூக்கை மெல்லத் தூக்கும். நொடிக்கு இரண்டு மூன்று டிகிரிக்குள் சாய்த்தால், சுழற்சியை உணரும் அரைவட்டக் குழல்கள் அதைக் கவனிப்பதில்லை. திரையும் பெட்டியோடு சேர்ந்தே சாய்வதால் கண்ணுக்கு ஓடுபாதை மட்டமாகவே தெரியும். 20 டிகிரி சாய்ந்தால் புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு முதுகுப்பக்கம் இழுக்கும். விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும் உணர்வுக்கு அது தாராளம்.

இதன் மூதாதையை 1929இல் செய்தவர் எட்வின் லிங்க். நியூயார்க் மாகாணத்தின் பிங்ஹாம்டனில் அவருடைய அப்பா, காற்றால் ஒலிக்கும் ஆர்கன் என்ற இசைக்கருவியும் தானியங்கி பியானோவும் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். ஆர்கனின் காற்றுத் துருத்திகளே லிங்கின் பெட்டியை ஆட்டின. ஆரம்பத்தில் அதை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்கள்! 1934இல் தபால் சுமக்கப் பறந்த அமெரிக்க ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் இறந்த பிறகுதான் ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. உடம்பு சொல்வதை விட்டுவிட்டுக் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டப் பழக்குவதே அவற்றின் வேலை.

பெட்டிக்குள் உதவும் அதே மயக்கம் வானத்தில் ஆளைக் கொல்லும். இருட்டில், கடலுக்கு மேலே விமானம் வேகமெடுத்தால் மூக்கு தூக்குவதுபோல விமானிக்குத் தோன்றும். கை தானாகக் கீழே அழுத்தப் பார்க்கும். 2000 ஆகஸ்டில் பஹ்ரைனில் இரவில் தரையிறங்காமல் மேலெழுந்த கல்ஃப் ஏர் நிறுவனத்தின் ஏ320 விமானம் கடலில் விழுந்து 143 பேர் இறந்தனர். விசாரணை அறிக்கை இந்த மயக்கத்தையும் காரணங்களில் சேர்த்தது. ஆறு கால் பெட்டியால் இதை முழுதாகக் காட்ட முடியாது. வேகத்தைக் காட்டவே அது இந்த மயக்கத்தைச் செலவழித்துவிடுகிறது. இதைப் பழக, நீண்ட கையின் நுனியில் விமானி அறையை வைத்துச் சுற்றும் வேறு இயந்திரம் வேண்டும்.