அமெச்சூர் டிடெக்டிவ்: தமிழில் துப்பறியும் ஆர்வலர்

'அமெச்சூர் டிடெக்டிவ்' என்பது வரலாற்றுத் துப்பறியும் நாவல்களைப் படிப்பவர்களுக்குப் பழக்கமான சொற்றொடர். இதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பதுதான் கேள்வி. பழைய பாரிஸ், பழைய வெனிஸ் என்று செல்வமும் கேளிக்கையும் கொழிக்கும் ஒரு நகரம். விருந்து நடந்த மாளிகையில் ஒரு கொலை. அதை ஆராயக் கிளம்புவது ஒரு கையுறை வியாபாரி, அல்லது ஓர் இளம் விதவை, அல்லது அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர். யாரும் அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை, உத்தரவும் போடவில்லை. இப்படிப்பட்டவர்தான் அமெச்சூர் டிடெக்டிவ்.

தமிழில் இவரைக் 'கற்றுக்குட்டித் துப்பறிவாளர்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. கற்றுக்குட்டி என்றால் அரைகுறையாகக் கற்றவர். ஆனால் இந்த நாவல்களில் உண்மையைக் கண்டுபிடிப்பவரே அவர்தான். சொல்லின் வேரைப் பார்த்தாலும் கற்றுக்குட்டி பொருந்தாது.

அமெச்சூர் பிரெஞ்சுச் சொல். அதன் வேர் லத்தீனில் இருக்கிறது: 'அமாரே' என்றால் நேசித்தல், 'அமாத்தோர்' என்றால் நேசிப்பவர். ஓவியத்தை நேசிப்பவர், இசையை நேசிப்பவர் என்ற பொருளில் பிரெஞ்சில் புழங்கி, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே பொருள் கிளை பிரிந்தது. காசு வாங்காமல் செய்பவர் என்பது ஒரு கிளை. சரியாகச் செய்யத் தெரியாதவர் என்பது இன்னொன்று. முதல் பொருள் வெகுகாலம் மதிப்புக்குரியதாகவே இருந்தது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அமெரிக்கத் தடகள வீரர் ஜிம் தோர்ப் வென்ற இரண்டு தங்கப் பதக்கங்களை மறு ஆண்டே பறித்தார்கள். அதற்கு முன்பு சிறு சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியிருந்தார், ஆகவே அவர் அமெச்சூர் இல்லை என்பது காரணம்.

தமிழிலும் சொல் கௌரவமாகத்தான் நுழைந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில், நாடகத்தைப் பிழைப்பாகக் கொள்ளாத படித்தவர்கள் ஆசைக்காக மேடையேறினார்கள். அதுபோன்ற குழுக்களை அமெச்சூர் சபாக்கள் என்றார்கள். கபடி, தடகளச் சங்கங்களின் பெயர்களிலும் அந்தச் சொல் இன்றும் இருக்கிறது. 'அமெச்சூர்த்தனமா இருக்கு' என்ற பேச்சு வழக்கு வந்தபிறகுதான் அது பழிச்சொல்லாக மாறியது.

அடுத்த பாதி, டிடெக்டிவ். இதுவும் லத்தீன் வழி வந்ததே: 'தெகெரே' என்றால் மூடுதல், 'தே' சேர்ந்தால் மூடியதைத் திறத்தல். தமிழில் நாம் 'துப்புத் துலக்குதல்' என்கிறோம். துலக்குதல் என்றால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவது. துப்பு என்ற சொல்லுக்கோ பல முகங்கள் உண்டு. வலிமை, பவளம், உணவு என்று பழைய நூல்களில் வெவ்வேறு பொருளில் வரும். 'துப்பார்க்குத் துப்பாய' என்று தொடங்கும் குறளில் அது உணவு. பேச்சில் 'அவனுக்குத் துப்பில்லை' என்றால் திறமை இல்லை. தடயம், உளவுச் செய்தி என்ற பொருள்தான் நமக்கு இங்கே வேண்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜே. ஆர். ரங்கராஜுவின் நாவல்களில் 'துப்பறியும் கோவிந்தன்' வந்துவிட்டார். ஆகவே துப்பறிதல் என்பது நூறாண்டுக்கும் மேலாக அச்சில் பழகிய சொல். இதற்குப் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை.

சரி, வரலாற்று நாவலில் மட்டும் ஏன் இந்த அமெச்சூர் இவ்வளவு முக்கியமானவர்? அந்தக் காலத்தில் தொழில்முறைத் துப்பறிவாளர் என்று ஒருவர் பெரும்பாலும் இல்லை, அதனால்தான். லண்டனில் பெருநகரக் காவல்துறை வந்தது 1829-இல். அதில் துப்பறிவதற்கென்று தனிப்பிரிவு 1842-இல். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ படைத்த துப்பறிவாளர் டூபின் அதற்கு ஓராண்டு முன்பே, 1841-இல், கதையில் வந்துவிட்டார். அவரும் அமெச்சூர்தான், பாரிஸில் வாழும், நொடித்துப்போன நல்ல குடும்பத்துப் பிள்ளை. தனக்கு முன்பு உதவிய ஒருவர் தவறாகக் கைதானதும் கொலையை ஆராயக் கிளம்புகிறார். ஸ்காட்லாந்து யார்டு எனப்படும் லண்டன் காவல் தலைமையகத்தின் டிடெக்டிவ்களுக்கு மூத்தவர் ஒரு கதை அமெச்சூர் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அறிவியலும் அப்போது அதிகாரிகள் பக்கம் இல்லை. ஆர்சனிக் விஷத்தை உடலில் உறுதியாகக் கண்டறியும் சோதனையை ஜேம்ஸ் மார்ஷ் வெளியிட்டது 1836-இல். கைரேகைக்கான முதல் அலுவலகம் 1897-இல் கல்கத்தாவில் அமைந்தது, லண்டனில் 1901-இல். அதற்கு முன் விசாரணை என்பது பெரும்பாலும் சாட்சியும் வாக்குமூலமும்தான். பல நாடுகளில் அந்த வாக்குமூலம் சித்திரவதையால் வந்தது. பாரிஸில் 1667-இல் காவல் தலைவராக லா ரேனி நியமிக்கப்பட்டார், திறமையானவர். பத்தாண்டு கழித்து, விஷம் வைத்துக் கொன்றதாகப் பலர் மீது வெடித்த வழக்கை அவர்தான் விசாரித்தார். ஆனால் பதினான்காம் லூயியின் காதலி மோன்டெஸ்பானின் பெயர் அதில் அடிபட்டது. 1682-இல் அரசரே அந்த வழக்குக்கான சிறப்பு நீதிமன்றத்தை மூடிவிட்டார். வெனிஸிலோ, டோஜ் எனப்படும் ஆட்சித் தலைவரின் அரண்மனைச் சுவரில் சிங்க வாய் போன்ற பெட்டிகளில் யார் மீதும் புகார்ச் சீட்டைப் போடலாம். இப்படி ஒரு நகரத்தில், அதிகாரியின் கை கட்டப்படும் இடத்தில், உத்தரவுக்குக் காத்திராத ஒருவர்தான் மேலே போக முடியும். எழுத்தாளர்கள் அமெச்சூரைத் தேர்ந்தெடுப்பதற்கு இது நல்ல காரணம்.

சிலப்பதிகாரம் துப்பறியும் கதை அல்ல. ஆனாலும் மதுரை வழக்குரை காதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பொற்கொல்லன் சொன்னதை நம்பி அரசன் தீர்ப்பளித்துவிட்டான், சரிபார்க்கவில்லை. தன் சிலம்பில் மாணிக்கப் பரல், அரசியின் சிலம்பில் முத்துப் பரல் என்ற வேறுபாட்டை அவையில் உடைத்துக் காட்டியவள் எந்தப் பதவியும் இல்லாத ஒரு பெண். அவளை அங்கே நிறுத்தியது அன்பு.

அன்பு என்று வந்தபிறகு, தமிழ்ச் சொல்லை வெகுதூரம் தேட வேண்டாம். 'அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்' என்கிறது குறள். இங்கே ஆர்வலர் என்றால் அன்புடையவர்; பரிமேலழகர் உரையும் அதைத்தான் சொல்கிறது. லத்தீனின் அமாத்தோரும் வள்ளுவரின் ஆர்வலரும் ஒரே பொருள். பறவை ஆர்வலர், வானியல் ஆர்வலர் என்று, தொழிலாகக் கொள்ளாமல் விருப்பத்தால் ஈடுபடுபவரைக் குறிக்க நாம் இப்போதும் அதைத்தான் சொல்கிறோம்.

வேறு சொற்களும் உண்டு. 'பயில்முறை' என்பது நாடக ஆய்வாளர்கள் ஆள்வது. பயில்முறை நாடகக் குழு என்றால் சரி. பயில்முறைத் துப்பறிவாளர் என்றால் பயிற்சியில் இருக்கும் காவலர்போல் தோன்றும். 'தொழில்முறை சாராத துப்பறிவாளர்' பிழையில்லாதது, ஆனால் நீளம். அதோடு, அவர் என்னவாக இல்லை என்று மட்டுமே சொல்கிறது.

எனவே என் தேர்வு: துப்பறியும் ஆர்வலர். ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். 'துப்பறியும் நாவல் ஆர்வலர்' என்று எழுதினால் அது நாவலை விரும்பிப் படிக்கும் வாசகரைக் குறிக்கும். அப்புறம், 'சமூக ஆர்வலர்' என்ற வழக்கால் ஆர்வலர் என்றதும் போராட்டக்காரர் நினைவுக்கு வரலாம். முன்னால் 'துப்பறியும்' இருப்பதால் இங்கே அந்த மயக்கம் வராது. கற்றுக்குட்டி என்ற சொல்லை நாவலில் வேறு ஓரிடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்: கொலை நடந்த அறைக்குள் ஓடிவந்து தடயத்தையெல்லாம் மிதித்துக் கெடுக்கும் பாத்திரத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.