வேலூர் வெயிலிலும் சூடேறாத அம்பாசிடர்

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அப்பாவின் பழைய அம்பாசிடரைச் சரிசெய்து ஓட்டுகிறேன். காட்பாடி வரை போய் வந்தாலும் டெம்பரேச்சர் முள் 'சி'யை விட்டு நகர மாட்டேன் என்கிறது. மெக்கானிக் அண்ணன், 'நம்ம ஊர் வெயிலுக்கு வண்டி கூலா ஓடுறது நல்லதுதானே' என்கிறார். உண்மையிலேயே நல்லதா சார்?"

நல்லதில்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இதை நம்புவது கஷ்டம்தான். ஆனால் அந்த 1,489 சிசி என்ஜினுக்கு 80 முதல் 90 டிகிரி வரைதான் சுகமான சூடு. அதற்குக் கீழே பெட்ரோல் முழுதாக ஆவியாகாது. சிலிண்டர் சுவரில் படிந்து, அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். பெட்ரோல் எரிந்தால் நீராவியும் வரும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அதன் அளவைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்! பெரும்பகுதி புகையோடு போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே நழுவும். சூடான என்ஜினில் அதுவும் ஆவியாக வெளியேறிவிடும். சூடேறாத என்ஜினில் ஆயிலோடு கலந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். ஆயில் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெளுத்த களிம்பு ஒட்டியிருந்தால் அது இந்தத் தண்ணீர்தான்.

சரி, எங்கே கோளாறு? முதலில் முள்ளைச் சந்தேகப்படுங்கள். ஒயர் வைத்த மீட்டராக இருந்தால், சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு, என்ஜினில் இருக்கும் சென்சார் ஒயரைக் கழற்றி ஒரே ஒரு நொடி என்ஜின் உடம்பில் தொடுங்கள். முள் 'எச்' பக்கம் ஓடினால் மீட்டரும் ஒயரும் சரி. அசையாவிட்டால் பழி என்ஜின் மேல் இல்லை.

அடுத்தது கை வைத்துப் பார்க்கும் சோதனை. காலையில் ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து, ஃபேனுக்கு எட்டாத இடத்தில் நின்று, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை அவ்வப்போது தொடுங்கள். பல நிமிடம் ஆறியே கிடந்து, பிறகு சட்டென்று சுட்டால் தெர்மோஸ்டாட், அதாவது சூடேறிய பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு, வேலை செய்கிறது. என்ஜினோடு சேர்ந்து முதலிலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால், வால்வு திறந்தே கிடக்கிறது. அல்லது அங்கே வால்வே இல்லை.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சாதனங்களில் அதுவும் ஒன்று. ஒயர் இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்துக்குள் மெழுகு, அவ்வளவுதான். உருக்கிய மெழுகை டம்ளரில் ஊற்றி ஆறவிட்டால் நடுவில் குழி விழும். உறையும்போது மெழுகு சுருங்குகிறது. உருகும்போது அதே அளவு விரிய வேண்டும் அல்லவா? விரிய இடம் கொடுக்காமல் கிண்ணத்தில் அடைத்துவிட்டால் அது தள்ளுகிற தள்ளு சாதாரணமானது இல்லை. மெழுகுக்கு நடுவே ஒரு ரப்பர் உறை, உறைக்குள் கூர்முனை கொண்ட எஃகு ஊசி. ஈரமான எலுமிச்சை விதையை இரண்டு விரலால் அழுத்தினால் பிதுங்கி ஓடுமே, அதே போல உருகிய மெழுகு நெருக்கியதும் ஊசி பிதுங்கும். ஊசியின் மறுமுனை மேலே சட்டத்தில் முட்டி நிற்பதால் ஊசி நகர முடியாது. கிண்ணம்தான் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு கீழே இறங்கும். கிண்ணத்தோடு ஒட்டிய தட்டும் இறங்கும். வழி திறந்துவிடும். 1930களில் செர்ஜியஸ் வெர்னே என்ற அமெரிக்கர் உருவாக்கிய முறை இது. இன்றைய கார்களிலும் இதுதான் ஓடுகிறது.

இன்னும் அழகான விஷயம், எத்தனை டிகிரியில் திறக்க வேண்டும் என்பதை மெழுகின் மூலக்கூறே முடிவு செய்கிறது. 20 கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி என்றால் 37 டிகிரியில் உருகும். வேலூரில் மே மாத நிழலே அதற்குப் போதும். 40 கார்பன் என்றால் சுமார் 82 டிகிரி. பல நீளங்களைக் கலந்தால் ஒரே புள்ளியில் உருகாமல் படிப்படியாக உருகும். அதனால் வால்வும் 82இல் மெல்ல வாய் திறந்து, 95 வாக்கில் முழுதாகத் திறக்கும். ரேடியேட்டருக்கு எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்பதை ஒரு துண்டு மெழுகு ஓயாமல் அளந்து கொடுக்கிறது!

நம் வாசகர் தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் எல்போவை, அதாவது மேல் ஹோஸ் மாட்டும் வளைந்த குழாயை, கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. விசாரித்ததில் அப்பாவே சொல்லிவிட்டார்: "நான்தான்ப்பா எடுக்கச் சொன்னேன். ஒரு கத்திரி வெயிலில் ஏலகிரி ஏறும்போது ஆறாவது வளைவில் கொதிச்சு நின்னுடுச்சு."

வட ஆற்காடு முழுக்க இந்த நம்பிக்கை இருக்கிறது: வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம். யோசித்துப் பாருங்கள். தண்ணீர் கொதிக்கும் கட்டத்தில் நல்ல வால்வு ஏற்கெனவே முழுதாகத் திறந்திருக்கும். அதை எடுப்பதால் சூடு பெரிதாக என்ன குறையப் போகிறது? அன்று வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம். அப்படியானால் புதிது போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால், பல வருடம் போர் தண்ணீர் ஊற்றி ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்திருக்கும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குத் தாக்குப்பிடிக்கும் ரேடியேட்டர், சமதளத்தில் காட்பாடி போகும்போது தேவைக்கு மிஞ்சிக் குளிர்விக்கும். அந்த மிச்சத்தைக் கட்டுப்படுத்தத்தான் வால்வு.

நம் பகுதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு இப்படிப்பட்ட சின்னச் சோதனைகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒரே மாதிரி இரண்டு என்ஜின்கள், ஒன்றில் வால்வு, ஒன்றில் இல்லை. ஒரு வருடம் ஓட்டி ஆயிலைச் சோதித்து முடிவைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்புக்கும் கொடுத்தால், எத்தனையோ என்ஜின்கள் பிழைக்கும்.

புதிது வாங்கினால் 82 என்று பொறித்தது போதும். மாட்டுவதற்கு முன் நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் தட்டாமல் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். கொதி வருவதற்குள் திறக்க வேண்டும், ஆறும்போது மூட வேண்டும். ஸ்பிரிங் பக்கம் என்ஜினைப் பார்த்து இருக்கட்டும். கேஸ்கட் புதிது போடுங்கள். ரேடியேட்டரையும் ஒருமுறை கழுவிவிட்டுக் கூலன்ட் ஊற்றுங்கள், போர் தண்ணீர் வேண்டாம்.