மென்டர்: வழிகாட்டி ஆசிரியரா, ஆற்றுப்படுத்துநரா?

கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்கு வரும் மாணவ ஆசிரியரை அங்குள்ள ஒரு வகுப்பாசிரியரிடம் ஒப்படைப்பார்கள். அந்த வகுப்பாசிரியரை எப்படி அழைப்பது? பேச்சில் 'கைடு டீச்சர்' என்கிறோம், படிவங்களில் 'மென்டர்' என்று எழுதுகிறோம். சிலர் 'வழிகாட்டி ஆசிரியர்' என்கிறார்கள், சிலர் 'நெறியாளர்' அல்லது 'மேற்பார்வையாளர்' என்கிறார்கள். எந்தப் பெயரைச் சொன்னால் என்ன என்று தோன்றலாம். ஆனால் மேற்பார்வையாளர் என்று அழைக்கப்பட்டவர் வகுப்பில் உட்கார்ந்து குறைகளை எண்ணுவார், வழிகாட்டி என்று அழைக்கப்பட்டவர் தன் வழியையே காட்டுவார். பெயர் வேலையையும் தீர்மானித்துவிடுகிறது. அதனால் இந்தச் சொல்லின் வேர் வரை போய்ப் பார்ப்பது வீண் வேலை அல்ல.

மென்டர் முதலில் ஓர் ஆளின் பெயர். ஹோமரின் ஒடிசி காவியத்தில், இத்தாக்கா தீவின் அரசன் ஒடிசியஸ் டிராய்ப் போருக்குக் கிளம்பும்போது வீட்டுப் பொறுப்பைத் தன் நண்பன் மென்டரிடம் விட்டுப் போகிறான். அவன் திரும்பி வர 20 ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் அரசியை மணக்க வந்தவர்கள் அரண்மனையில் கூடாரமடித்து வீட்டைத் தின்று தீர்க்கிறார்கள். மென்டரால் அதைத் தடுக்க முடியவில்லை. அரசனின் மகன் டெலிமக்கஸுக்கு உண்மையில் கைகொடுப்பவள் அதீனா தெய்வம். அவள்தான் மென்டரின் உருவத்தையும் குரலையும் எடுத்துக்கொண்டு அவனோடு கப்பலேறுகிறாள்.

இந்தக் கதையில் வகுப்பறைக்கு வேண்டிய காட்சி ஒன்று உண்டு. கப்பல் பைலோஸ் கரையை அடைகிறது. முதிய அரசன் நெஸ்டரிடம் போய்ப் பேச டெலிமக்கஸுக்குக் கூச்சம். எப்படிப் பேசுவது, எனக்குப் பேச்சுப் பழக்கம் இல்லையே என்கிறான். சில சொற்கள் உனக்கே தோன்றும், மற்றவற்றைத் தெய்வம் தோற்றுவிக்கும் என்று சொல்லிவிட்டு மென்டர் வடிவில் இருப்பவள் முன்னே நடக்கிறாள். அவனுக்காக அவள் பேசவில்லை. நெஸ்டர் கேட்கும்போது அவனே பதில் சொல்கிறான்.

ஆனால் இந்தப் பெயர் பொதுச்சொல்லாக மாறியதற்கு ஹோமரை விட, 1699-இல் டெலிமக்கஸின் பயணங்களைப் பிரெஞ்சு மொழியில் நீண்ட கதையாக எழுதிய ஃபெனெலோன்தான் பெரிய காரணம். பதினான்காம் லூயி மன்னனின் பேரனுக்கு அவர் ஆசிரியராக இருந்தவர். அவர் கதையில் வரும் மென்டர் பெரும்பாலும் இளவரசனோடேயே இருக்கிறார். அடிக்கு அடி அறிவுரை சொல்கிறார். பேச விட்டு முன்னே நடக்கும் மென்டர், ஓயாமல் போதிக்கும் மென்டர் என்று ஒரே பெயரில் இரண்டு ஆட்கள் நமக்கு வந்து சேர்ந்தார்கள். இன்றும் வகுப்பறைகளில் இருவரையும் பார்க்கலாம்.

சொல்லின் வேரில் இருப்பது 'மென்' என்ற பழைய இந்தோ-ஐரோப்பிய அடி. எண்ணுதல் என்று பொருள். நாம் வடமொழி வழியாக எடுத்துக்கொண்ட மனம், மந்திரி ஆகிய சொற்களும் இதே அடியில் பிறந்தவை. இலத்தீனில் இதே அடியிலிருந்து வந்தது 'மானிட்டர்', அதாவது எச்சரிப்பவர். வகுப்பு மானிட்டருக்குத் திண்ணைப் பள்ளிக் காலத்தில் சட்டாம்பிள்ளை என்று பெயர். மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் அந்த முறையைத்தான் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் சென்னையில் செய்து பார்த்து 1797-இல் எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து வரை போனது. சட்டாம்பிள்ளையும் மென்டரும் சொல்லளவில் உறவினர்கள், வேலையில் இல்லை. ஒருவர் ஒழுங்கைப் பார்க்கிறார், மற்றவர் ஒருவரின் வளர்ச்சியைப் பார்க்கிறார்.

இனித் தமிழ்ச் சொற்கள். 'நெறியாளர்' ஏற்கெனவே முனைவர் பட்ட ஆய்வுக்கும் தொலைக்காட்சி விவாதத்துக்கும் போய்விட்டது. 'ஆலோசகர்' கேட்டால் மட்டும் சொல்பவர். 'மேற்பார்வையாளர்' என்றாலே தேர்வுக்கூடம் நினைவுக்கு வருகிறது. 'நல்லாசிரியர்' விருதின் பெயராகிவிட்டது. 'வழிகாட்டி' எளிய சொல், எல்லோருக்கும் புரியும். ஆனால் ஊர்ப் பலகையும் வழிகாட்டிதான், தேர்வுக்குப் படிக்கும் நோட்ஸும் வழிகாட்டிதான். பலகை தான் நின்ற இடத்திலேயே நிற்கும். வழியில் போகிறவர் யார், அவருக்கு எங்கே கால் வழுக்கும் என்று அதற்குத் தெரியாது.

தமிழில் இதற்கென்றே செய்தது போன்ற சொல் ஒன்று இருக்கிறது: ஆற்றுப்படுத்தல். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்தல், வழியில் செலுத்துதல். பத்துப்பாட்டில் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞரைச் சந்தித்து, தான் போன வழியைச் சொல்வதுதான் திருமுருகாற்றுப்படை தவிர மற்ற நான்கின் அமைப்பு. தொல்காப்பியம் இதை 'பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ' என்று ஒரே அடியில் சொல்லிவிடுகிறது. தான் பெற்றதை இன்னும் பெறாதவருக்கு அறிவுறுத்துவது. சொல்பவரும் கேட்பவரும் ஒரே தொழில்காரர்கள் என்பது இதில் முக்கியம். பாணருக்குப் பாணர், கூத்தருக்குக் கூத்தர். மாணவ ஆசிரியருக்கு, நேற்றும் இன்றும் வகுப்பெடுத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்.

அந்த ஆற்றுப்படைகளுள் ஒன்றான மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது மலையின் அழகைச் சொல்வதோடு நிற்கவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்புகள் எங்கே கிடக்கும், தினைப்புனக் காவலர் விடும் கவண்கல் எந்தப் பக்கம் பாயும், எங்கே வழுக்கும் என்றெல்லாம் கூத்தர்களுக்கு எச்சரிக்கிறது. சொல்லி முடித்தபின் நடப்பது கூத்தர்தான். மென்டர் வேலைக்கு இதைவிடச் சரியான வரையறை வேண்டியதில்லை: இடறும் இடத்தை முன்கூட்டிச் சொல்வது, நடக்க விடுவது. மனநல ஆலோசனைத் துறை 'ஆற்றுப்படுத்துநர்' என்ற சொல்லைக் கையாள்வதால் குழப்பம் வரும் என்பார்கள். 'வகுப்பறை ஆற்றுப்படுத்தல்' என்று அடைமொழி சேர்த்தால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும்.

இடறும் இடம் என்றால் வகுப்பறையில் எது? மாணவ ஆசிரியருக்கு வகுப்பறை புதிய இடம் அல்ல. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்தவர் அவர். சமூகவியலாளர் டேன் லோர்ட்டி 1975-இல் சுட்டிக்காட்டிய சிக்கலே இதுதான். பெஞ்சிலிருந்து பார்த்தவருக்கு ஆசிரியர் என்ன செய்தார் என்று தெரியும், ஏன் செய்தார் என்று தெரியாது. அந்தக் கேள்வியை ஏன் கடைசி வரிசையில் கேட்டார், ஏன் பாதியில் எடுத்துக்காட்டை மாற்றினார் என்பதெல்லாம் வெளியே தெரிவதில்லை. ஆகவே முதல் வாரத்தில் வழிகாட்டி ஆசிரியர் செய்ய வேண்டியது, தன் வகுப்பைக் காட்டுவது மட்டும் அல்ல. வகுப்பு முடிந்ததும் தன் முடிவுகளில் இரண்டு மூன்றை எடுத்து, "அந்த இடத்துல நான் என்ன நினைச்சேன் தெரியுமா?" என்று வாய்விட்டுச் சொல்வது.

பிறகு பொறுப்பைச் சிறுகச் சிறுகக் கைமாற்ற வேண்டும். முதலில் வீட்டுப்பாடம் பார்ப்பது, ஒரு குழுவோடு உட்கார்ந்து உதவுவது. அடுத்து பாடத்தின் தொடக்கமோ மீள்பார்வையோ ஒரு 10 நிமிடத் துண்டு. அதன்பின் இருவரும் சேர்ந்து எடுக்கும் வகுப்பு, முழுப் பாடவேளை, ஓர் அலகு முழுவதும். இரண்டாம் நாளே முழு வகுப்பையும் ஒப்படைத்துவிட்டு ஆசிரியர் அறைக்குப் போய்விடுவது பரவலாக நடக்கும் தவறு. அப்போது மாணவ ஆசிரியர் வகுப்பை அமைதியாக வைக்க மட்டும் கற்றுக்கொள்கிறார். குழந்தைகள் கற்றார்களா என்று பார்க்க அவருக்கு நேரமே கிடைப்பதில்லை. புதியவர்களின் கவலை முதலில் தன்னைப் பற்றியும், பிறகு வேலையைப் பற்றியும், கடைசியில்தான் மாணவர்கள் கற்பதைப் பற்றியும் இருக்கும் என்று கல்வி ஆய்வாளர் ஃபிரான்சஸ் ஃபுல்லர் எழுதினார். அந்த வரிசையை அவசரப்படுத்த முடியாது, ஆனால் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

ஆற்றுப்படுத்தலின் உயிர் உற்றுநோக்கலில் இருக்கிறது. வகுப்புக்கு முன் 10 நிமிட உரையாடல் போதும். பாடக்குறிப்பைப் பார்த்து, இன்று எதைக் கவனிக்க வேண்டும் என்று மாணவ ஆசிரியரையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கும் முறை, பலகைப் பயன்பாடு, கட்டளைகளின் தெளிவு, எதுவானாலும் ஒன்றே ஒன்று. பாடப்பொருளில் பிழை வந்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ள வேண்டும். பேனாவை மேசை மேல் நிமிர்த்தி வைப்பது போல ஒரு குறிப்பு இருந்தால் போதும். வகுப்பு நடுவே எழுந்து திருத்தினால், அந்த நொடியிலிருந்து குழந்தைகளின் கண்கள் பின்னால் இருப்பவரிடம் திரும்பிவிடும். இழந்த கவனத்தை மாணவ ஆசிரியர் மீட்க நாட்கள் ஆகும்.

உட்கார ஏற்ற இடம் கடைசி வரிசை அல்ல, பக்கவாட்டு மூலை. அங்கிருந்து ஆசிரியரையும் குழந்தைகளின் முகங்களையும் நோட்டுகளையும் ஒருசேரப் பார்க்கலாம். தாளில் மூன்று பத்திகள்: நேரம், ஆசிரியர் சொன்னதும் செய்ததும், மாணவர் சொன்னதும் செய்ததும். 'நன்று', 'சுமார்', 'தெளிவில்லை' போன்ற சொற்களுக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. பின்னம் கூட்டும் பாடத்தில் அப்படி எழுதிய குறிப்பு இப்படி இருக்கும்:

10:14 – "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" – "புரிஞ்சுது டீச்சர்" (கூட்டுக் குரல்).
10:15 – பலகையில் 1/2 + 1/3 எழுதுகிறார், முகம் பலகைப் பக்கம். – மூன்றாம் வரிசை, சன்னலோரச் சிறுமி நோட்டில் 2/5.
10:16 – "விடை என்ன?" ஒரு நொடியில் தானே "5/6" என்கிறார். – சிறுமி 2/5-ஐ அழித்துவிட்டு 5/6 எழுதுகிறாள்.

இந்த மூன்று வரிகளில் ஒரு வாரத்துக்கான பாடம் இருக்கிறது. அந்தச் சிறுமி தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருக்கிறாள். பிழை தெரியும் முன்பே விடை வந்துவிட்டதால் அது அழிந்துபோனது, திருந்தவில்லை. கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 நொடியாக்கினாலே விடைகள் நீளுகின்றன, அதிகப் பேர் வாய் திறக்கிறார்கள் என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டறிந்து எழுதினார். இதை விரிவுரையாகச் சொன்னால் மாணவ ஆசிரியர் தலையாட்டுவார். 10:16 வரியைக் காட்டினால் அவரே கண்டுகொள்வார்.

வகுப்பு முடிந்தபின் பேசுவது அன்றைக்கே நடக்க வேண்டும், 20 நிமிடம் போதும், குழந்தைகள் காதில் விழக் கூடாது. அந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகலாம்:

"10:14-க்குப் புரிஞ்சுதான்னு கேட்டீங்க. யார் யார் பதில் சொன்னாங்க?"

"எல்லாருமே சொன்னாங்க சார்."

"அடுத்த நிமிஷம் இந்தப் பொண்ணோட நோட்டுல இருந்தது இது, பாருங்க."

"...2/5. நான் கவனிக்கவே இல்ல சார்."

"எப்படிக் கேட்டிருந்தா அது உங்க கண்ணுல பட்டிருக்கும்?"

"கணக்கைக் கொடுத்து, எல்லாரையும் எழுதிக் காட்டச் சொல்லியிருக்கலாம்."

"சரி, நாளைக்கு எந்தக் கணக்கைக் கொடுக்கப் போறீங்க?"

கடைசிக் கேள்வி இல்லாமல் பேச்சை முடிக்கக் கூடாது. மறுநாள் பாடக்குறிப்பில் ஒரு வரியாக மாறாத பேச்சு காற்றோடு போய்விடும். குறைகள் பத்து தெரிந்தாலும் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும், ஏனென்றால் பத்தையும் கேட்டவர் மறுநாள் ஒன்றையும் மாற்றுவதில்லை.

இதற்கு நேர் எதிரானதற்கும் ஒரு சொல் உண்டு. ஹாப்சன், மால்டெரெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2013-இல் 'ஜட்ஜ்மென்டரிங்' என்று பெயர் வைத்தார்கள். தமிழில் தீர்ப்புரைத்தல் எனலாம். வகுப்பு முடிந்ததும் "இது சரியில்லை, அது பரவாயில்லை" என்று முந்திக்கொண்டு மதிப்பிட்டுவிடுவது. அப்படிச் செய்தால் மாணவ ஆசிரியர் தன் சிக்கல்களை மறைக்கக் கற்றுக்கொள்கிறார். உற்றுநோக்கும் நாளில் மட்டும் பாதுகாப்பான பாடத்தை எடுக்கிறார். மதிப்பெண் போடும் பொறுப்பும் அதே ஆசிரியருக்கு இருந்தால், எந்த வகுப்பு மதிப்பெண்ணுக்கு, எந்த வகுப்பு பழகிக்கொள்வதற்கு என்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். 'நகல் எடுத்தல்' இன்னொரு பிழை. தன் குரல், தன் பலகை அமைப்பு, தன் நகைச்சுவை எல்லாவற்றையும் மாணவ ஆசிரியரிடம் எதிர்பார்ப்பது. வழியைத்தான் சொல்லித் தர முடியும், நடையை அல்ல.

மறுபக்கம் இருப்பவரின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. 'பயிற்சி ஆசிரியர்' என்றால் பயிற்சி பெறுபவரா, தருபவரா? தமிழ் இலக்கணமே இதற்கு விடை தருகிறது. பயில் தன்வினை, பயிற்று பிறவினை. பயிலுநர் கற்பவர், பயிற்றுநர் கற்பிப்பவர். எனவே படிவங்களில் 'பயிற்சி ஆசிரியர்' என்பதை விட்டுவிட்டு 'மாணவ ஆசிரியர்' என்றோ 'ஆசிரியப் பயிலுநர்' என்றோ எழுதலாம். எதிரே இருப்பவருக்கு ஏற்கெனவே ஊன்றிவிட்ட 'வழிகாட்டி ஆசிரியர்' இருக்கட்டும். அவர் செய்யும் வேலைக்கு 'வகுப்பறை ஆற்றுப்படுத்தல்' என்று பெயர் வைப்போம். உற்றுநோக்கல் தாளின் அடியில் 'குறைகள்' என்று அச்சிட்டிருக்கும் கட்டத்தில் 'அடுத்த வகுப்பில் செய்து பார்ப்பது' என்று மாற்றி அச்சிட்டு, அதை மாணவ ஆசிரியரே தன் கையெழுத்தில் நிரப்பட்டும்.