வட்டியைக் கூட்டித் தந்தாலும் வங்கி ஏன் கடன் தராது?

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியோரம் சீமெந்துக் கல் அரியும் வளவுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மெசின், ஒரு மணல் கும்பி, வரிசையாக அடுக்கிய கல். அரிந்த கல்லை அன்றே விற்க முடியாது. ஒரு கிழமையாவது தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டும். (சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. முழு வலுவுக்குப் பொறியியலாளர் சொல்லும் கணக்கு 28 நாள்.) கல் ஏறிப்போன பிறகும், வாங்கிய கொந்திராத்துக்காரருக்கு அவருடைய பில் பாஸானால்தான் இவருக்குக் காசு. அதுவரை சீமெந்துக்கும் மணலுக்கும் கூலிக்கும் போட்ட காசு கல்லாகவே கிடக்கும். இப்படி முடங்கிக் கிடக்கும் காசைத்தான் தொழிற்படு மூலதனம் என்கிறார்கள்.

இந்த இடைவெளியைக் கடக்கக் கடன் வேண்டும். வங்கியில் முதலில் கேட்பது காணி உறுதி. வன்னியில் குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த காணிகள் பலவும் பெர்மிட் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அவற்றை உறுதிக் காணிபோல நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அப்புறம், பிணைக்கு அரச உத்தியோகத்தர் இரண்டு பேர். சொந்தத்தில் ஒரு வாத்தியாராவது இல்லாதவர் அதோடு திரும்ப வேண்டியதுதான். நகையை அடைவு வைக்கலாம், இருந்தால். 2009இல் நகையும் உறுதியும் ஒன்றாகத் தொலைத்த குடும்பங்கள் இங்கே கொஞ்சமல்ல.

சரி, “வட்டியைக் கூட்டித் தருகிறேன், கடனைத் தாருங்கள்” என்று கேட்டால்? தக்காளி தட்டுப்பட்டால் விலை ஏறும். ஏறிய விலையைக் கொடுப்பவருக்குத் தக்காளி கிடைக்கும். கடன் அப்படி நடப்பதில்லை. ஏன் என்பதைப் பொருளியலாளர்கள் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் அன்ட்ரூ வைஸும் 1981இல் விளக்கினார்கள். வட்டி 15 வீதமாக இருக்கும்போது நிதானமான கல்லரிகாரர் வருவார். 30 ஆக்கினால், “என் இலாபத்துக்கு இது கட்டாது” என்று கணக்குப் பார்த்து விலகுபவரும் அவர்தான். வந்தால் மலை, போனால் மயிர் என்பவரும் திருப்பிக் கட்டும் எண்ணமே இல்லாதவரும் எந்த வட்டிக்கும் தலையாட்டுவார்கள். யார் எவர் என்று வங்கிக்குத் தெரியாது. ஆகவே ஓர் அளவுக்கு மேல் வட்டி ஏற ஏற வங்கியின் வரவு குறையத் தொடங்கும். அதனால் வங்கி விலையைக் கூட்டாமல் கதவைச் சாத்துகிறது.

தொழிலில் வருமானம் இல்லை என்பதல்ல பிரச்சினை. களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் மிகச் சிறிய தொழில்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் இலவசமாகக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. போட்ட முதலுக்கு மாதம் ஏறக்குறைய 5 வீதம் வருமானம் வந்தது. பெண்கள் நடத்திய தொழில்களில் மட்டும் அந்த உயர்வு தென்படவில்லை. காரணம் பற்றிய விவாதம் தனிக்கதை.

வங்கிக்குத் தெரியாதது ஹார்ட்வெயார் கடைக்காரருக்குத் தெரியும். இவர் எத்தனை பை எடுத்தார், எப்போது கொடுத்தார், எந்த மழைக்கு இழுத்தடித்தார், எல்லாம் அவருடைய கொப்பியில் இருக்கிறது. அதனால் உறுதியும் கேட்காமல் பிணையும் கேட்காமல் சீமெந்தைக் கடனுக்கு ஏற்றிவிடுகிறார். ஆனால் அந்தக் கொப்பி லாச்சியை விட்டு வெளியே வராது. பத்து வருட நாணயம் வங்கிக்கு வெறும் வெற்றுத்தாள்.

இந்த ஓட்டைக்குள்தான் நுண்கடன், அதாவது வங்கிக்குப் போக முடியாதவர்களுக்குக் கொடுக்கும் சிறுதொகைக் கடன், நுழைந்தது. ஊரார் ஒருவரையொருவர் அறிவார்கள் என்பதால் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவரைப் பிணையாக்கினார்கள். யோசனை கெட்டிக்காரத்தனமானது. வட்டியைச் சொன்ன விதம்தான் எனக்குக் கசக்கிறது. ஒரு லட்சம் கடன், 24 வீதம், 12 தவணை என்று வையுங்கள். வட்டி 24,000, மாதம் 10,333 ரூபாய். ஆனால் முழு லட்சமும் உங்கள் கையில் இருப்பது முதல் மாதம் மட்டுமே. கடைசி மாதத்தில் மிச்சமிருக்கும் முதல் 8,333தான். கட்டி முடித்த முதலுக்கும் சேர்த்து வட்டி கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். குறைந்து செல்லும் மீதியில் கணக்கிட்டால் உண்மையான வட்டி வருடத்துக்கு 42 வீதத்தை ஒட்டி வரும். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு நிலைமை போனது.

வட்டியைவிடத் தவணையின் தாளம்தான் தொழிலை இறுக்குகிறது என்று நினைக்கிறேன். கல் இறுக 28 நாள், கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் நுண்கடனுக்கு 7 நாள். கொல்கத்தாவில் நடந்த ஓர் ஆய்வில், முதல் தவணையை இரண்டு கிழமைக்குப் பதிலாக இரண்டு மாதம் கழித்துக் கட்டச் சொன்னார்கள். அந்தக் குழுவினர் தொழிலில் கூடுதலாக முதல் போட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது இலாபமும் கூடியிருந்தது. கூடவே கட்டத் தவறியவர்களும் கூடியிருந்தார்கள். கிழமை வசூலை நிறுவனங்கள் லேசில் கைவிடாததற்கு அந்தக் கடைசி விடயம் போதும்.