பதின்மூன்று மில்லிநொடியில் ஒதுங்கும் தாங்கி

அமெரிக்காவின் மிச்சிகனில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அக்டோபர் 1 அன்று வில் வேட்டை தொடங்குகிறது. முதல் தடவையாக வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறேன். அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டில் பிரஷ் வளையம் வாங்கவா, கீழே விழும் வகை வாங்கவா?" (இந்தியாவில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மிச்சிகனில் உரிமம் எடுத்தால் போகலாம்.)

பிரஷ் வளையத்தில் சுற்றிலும் விறைப்பான இழைகள் இருக்கும், அம்பு நடுவில் நிற்கும். வில்லை எப்படிச் சாய்த்தாலும் அம்பு விழாது. ஆனால் அம்பின் வால் இறகும் அந்த இழைகளை உரசிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். வேட்டை அம்பின் முனையில் அகலமான அலகுகள் உண்டு. வால் கொஞ்சம் தட்டுப்பட்டாலும் அந்த அலகுகள் காற்றைப் பிடித்து அம்பைத் திசை மாற்றிவிடும். இறகு வரும்போது தாங்கியே வழியில் இல்லாவிட்டால்? அதுதான் கீழே விழும் வகை.

சரி, அதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? காம்பவுண்ட் வில்லில் (நுனிகளில் கப்பி பூட்டிய நவீன வில்) நாண் அம்பைத் தள்ளும் தூரம் ஏறக்குறைய அரை மீட்டர். புறப்படும் வேகம் நொடிக்கு 85 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சராசரி அதில் பாதி. நாணை விட்டுப் பிரிய 12 மில்லிநொடி, இறகு தாங்கியைக் கடக்க இன்னும் ஒன்று. மொத்தம் 13. இந்த நேரத்தில் புவியீர்ப்பு ஒரு பொருளை எவ்வளவு இறக்கும் தெரியுமா? 0.8 மில்லிமீட்டர்! இறகின் உயரமோ 12 மில்லிமீட்டர் இருக்கும். அந்தத் தூரம் தானாக விழ 50 மில்லிநொடி ஆகும். அதற்குள் அம்பு மூன்று மீட்டர் தாண்டிப் போயிருக்கும்.

ஆகவே தாங்கியை யாராவது இழுத்தாக வேண்டும். இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த வேலைப்பாடு வருகிறது. தாங்கியிலிருந்து ஒரு மெல்லிய கயிறு வில்லின் கைக்கு, அதாவது பிடிக்கு மேலோ கீழோ நீளும் வளையும் பட்டைக்குப் போகிறது. நாணை இழுக்கும்போது கை வளைய, கயிறு தளர்கிறது. ஒரு ஸ்பிரிங் தாங்கியைத் தூக்கி அம்புக்கு முட்டுக் கொடுக்கிறது. நாணை விட்டதும் கை நிமிர்கிறது. வழியின் பெரும்பகுதிவரை கயிறு தொய்வாகவே இருப்பதால் அம்புக்குத் தாங்கல் கிடைக்கிறது. அப்புறம் கயிறு விறைத்து, தாங்கியை வெடுக்கென்று கீழே இழுக்கிறது. அம்பைத் தள்ளும் அதே கைதான் தாங்கியையும் இழுக்கிறது என்பதால் இரண்டுக்கும் ஒரே கடிகாரம். பேட்டரியும் கிடையாது, சென்சாரும் கிடையாது. எத்தனை முறை யோசித்தாலும் இது எனக்கு அலுக்கவில்லை.

வேகத்தைக் காட்டி விற்கும் விளம்பரங்களை நான் பொருட்படுத்த மாட்டேன். 20 மீட்டரில் நிற்கும் மானை அம்பு எட்ட கால் நொடி, வில்லின் சத்தம் எட்ட 0.06 நொடி. சத்தம் கேட்டதும் மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். எனவே அமைதிதான் முக்கியம். அம்பு உரசும் இடத்தில் கம்பளித் துணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

மரத்துப் பரணிலிருந்து கிட்டத்தில் எய்யும் புதியவருக்கு, பிளாஸ்டிக் இறகு பொருத்திய அம்போடு பிரஷ் வளையமே போதும் என்பேன். டிசம்பர் பனியிலும் போவதென்றால் இழைகளில் ஈரம் உறையும்; அப்போது கயிற்று வகை வாங்குங்கள். வாங்கியதும் இறகின்மேல் பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை அடித்து ஓர் அம்பு எய்து பாருங்கள். பவுடரில் கீறல் விழுந்திருந்தால் தாங்கி தாமதமாக இறங்குகிறது. கயிற்றின் நீளத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி எய்யுங்கள்.