இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டின் வேலை என்ன?

சம்பவம் நடந்த அன்று 18 வயது நிறையாத பிள்ளை மீது குற்றச்சாட்டு வந்தால், வழக்கை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் இந்தியா முழுவதற்கும் செய்த ஏற்பாடு இது. போலீஸ் பிடித்தால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அங்கே கொண்டுவந்தாக வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது.

குழுமத்தில் மாஜிஸ்திரேட் தனியாள் இல்லை. அவருடன் சமூகப் பணியாளர்கள் இருவர். அதில் ஒருவராவது பெண். பெரும்பான்மைதான் முடிவு. மற்ற இருவரும் ஒரே பக்கம் நின்றால் மாஜிஸ்திரேட்டின் கருத்து எடுபடாது; பெரும்பான்மையே அமையாதபோதுதான் அவர் சொல் நிற்கும். உயர்ந்த மேடை, சாட்சிக் கூண்டு எதுவும் கூடாது என்கின்றன விதிகள்.

வயதில் சந்தேகம் வந்தால் முதலில் பள்ளிச் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று, இரண்டுமே இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. பெற்றோர் முதல் நாளே சான்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

அப்புறம் ஜாமீன். பெரியவர்களுக்கு ஜாமீனில் விட முடியாத குற்றமானாலும் பிள்ளையை விடுவிப்பதுதான் இங்கே பொதுவிதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேரக்கூடும், பிள்ளைக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும் என்ற மூன்று காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம், அதையும் எழுத்தில் பதிய வேண்டும். குற்றம் பெரியது என்பது அந்த மூன்றில் இல்லை.

விசாரணையை 4 மாதத்தில் முடிக்க வேண்டும். குற்றம் உறுதியானால் கண்டித்து அனுப்புவதும் உண்டு, சமூக சேவையும் உண்டு. அதிகபட்சம், சிறாரைத் தங்கவைத்துத் திருத்தும் சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டு.

மாஜிஸ்திரேட்டுக்குக் கனமான வேலை வேறு. 16 வயது நிறைந்தவர் மீது கொடுங்குற்றப் புகார், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள குற்றம் என்றால், பெரியவரைப் போல விசாரிக்க வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமா என்று குழுமம் மதிப்பிட வேண்டும். 'செய்தானா' என்பது இந்த மதிப்பீட்டில் கேள்வி இல்லை. செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்பதே கேள்வி. சம்பவம் நடந்த நாளின் மனநிலையை மாதங்கள் கழித்துக் கணிப்பது லேசான காரியமா? சட்டப் படிப்பு மட்டும் இதற்குப் போதாது என்பது என் எண்ணம். குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லாவிட்டால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாறினாலும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாது. மதிப்பீட்டு உத்தரவில் குறை தெரிந்தால் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவச சட்ட உதவியைக் குழுமமே ஏற்பாடு செய்து தர வேண்டும், தயங்காமல் கேளுங்கள்.